அட்டையில் ஒரு பெயர்... உள்ளே எத்தனை கை?

- மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



நம் கல்லூரியில் கவிதையே எழுதாதவர்கள் கை தூக்குங்கள் என்று சொன்னால் ஒரு பெஞ்சு தேறுமா என்பது சந்தேகம்தான்! ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதுகிறவர்கள் உண்டு. செல்போனில் எழுதி ஸ்டேட்டஸ் வைப்பவர்கள் இன்று மிக அதிகம். இவர்களில் யாரைக் கூப்பிட்டு "உன் ஆசை என்னப்பா?" என்று கேட்டாலும், "என் பேர் போட்டு ஒரு புத்தகம் வரணும்" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என்னிடம் பதினான்கு சிறுகதைகள் இருக்கின்றன.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் "எழுதி முடிச்சாச்சு, அச்சடிக்கிறதுதான் பாக்கி" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த 'பாக்கி'யைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அது பாக்கி இல்லை நண்பர்களே, வேலையில் பெரும்பகுதியே அதுதான்! அந்த வேலையைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கிப் பணம் கட்டிப் புத்தகம் போடுவது நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது என் கருத்து. இதைக் கேட்டுச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம்மைப் போன்ற வீடு என்று ஏன் சொல்கிறேன்? எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். இதுவரை எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயராவது அச்சில் வந்திருக்கிறது என்றால் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு புத்தகத்தின் அட்டையில் மகன் பெயர் வருவது என்றால் அது சின்ன விஷயமா? வீட்டை அடகு வைத்தாவது செய்யலாம் என்றுதான் தோன்றும். அந்த ஆசையை நம்பிக் கடை விரித்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டிராயிங் ஷீட் சொல்லும் பாடம்

நாம் மெஷின் டிராயிங் ஷீட்டில் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போடுகிறோம். அதில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்', 'ஒப்புதல் அளித்தவர்' என்று மூன்று வரி இருக்கும். ஒரு சாதாரண போல்ட்டும் நட்டும் வரைந்தாலும் மூன்று பேர் பொறுப்பு! வரைந்தவனே சரிபார்த்தால் தன் தப்பு தனக்குத் தெரியாது என்று தொழிற்சாலைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆனால் கதை கவிதை என்றால் மட்டும் எழுதியவனே எல்லாம் என்று நினைக்கிறோம். யாராவது ஒரு வரியை அடித்துவிட்டால் "என் உணர்ச்சியில கை வைக்காதே" என்கிறோம். ஃபிட்டிங் ஷாப்பில் முதலில் ரஃப் ஃபைல், அப்புறம் ஸ்மூத் ஃபைல், அப்புறம் டிரை ஸ்கொயர் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறோமே, அதே வேலைதான் கதைக்கும். எழுதியது ரஃப் ஃபைல். திருப்பி எழுதுவது ஸ்மூத் ஃபைல். வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பவர்தான் எடிட்டர். கதையில் திங்கட்கிழமை செத்துப் போனவர் புதன்கிழமை டீ குடிக்க வந்தால் அதைப் பிடிப்பவர் அவர்தான்.

அச்சகத்தில் பார்த்தது

இந்த ஆண்டு நான்காம் செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு, சாயங்காலம் கிளாஸ் முடிந்து எங்கள் பக்கத்து டவுனில் உள்ள ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகத்துக்குப் போய் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக்கு, வருஷத்துக்கு நாலைந்து புத்தகம் என்று ஓடுகிற அச்சகம். அங்கே இருந்த அண்ணாச்சி முதலில் முறைத்தார். நான்கு நாள் போனதும், "சும்மா நிக்காதல, இந்தத் தாள அடுக்கு" என்றார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் டைப் செட்டிங். நாம் செல்போனில் அடிப்பது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவும் பழைய மென்பொருளும் ஓடுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று சிதறும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டும், பழைய எழுத்துருக்கள் இன்னும் விடை பெறவில்லை. இதை உட்கார்ந்து சரிசெய்வது ஒரு டிடிபி அக்கா. அவர் கண்ணில் எப்போதும் நீர் வடியும்.

பிறகு மெய்ப்பு, அதாவது புரூஃப். நண்பர்களே, இதுதான் உயிர் போகிற வேலை! ண, ன, ந... ல, ள, ழ... ர, ற... எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது... ஒரு தடவை பார்த்தால் போதாது. இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் தடவை விட்டது கிடைக்கும். மூன்றாம் தடவை பார்க்கும்போது, திருத்தப் போன இடத்தில் புதிதாக விழுந்த பிழை கிடைக்கும்! எழுதியவனுக்கு இது சரிவராது. அவன் தாளில் இருப்பதைப் படிக்க மாட்டான், மனசில் இருப்பதைப் படிப்பான்.

அடுத்தது பாரம். ஒரு தாளை எடுத்து மூன்று தடவை மடித்துப் பாருங்கள். எட்டு இலை, பதினாறு பக்கம். இதுதான் ஒரு பாரம். அதற்கு வரிசையாக எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். ஒரு புறம் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 இருக்கும். மறுபுறம் மீதி இருக்கும். சில எண் தலைகீழாக நிற்கும். முதுகு மடிப்பின் இரண்டு பக்கமும் நிற்கும் எண்களைக் கூட்டினால் எல்லா இடத்திலும் 17 வரும்! கணக்கு வாத்தியார் இதைக் காட்டியிருந்தால் எனக்குக் கணக்கில் இன்னும் பத்து மார்க் வந்திருக்கும்.

என் கதைகளை அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்ததில் 117 பக்கம் வந்தது. "ஏழு பாரத்துக்கு அஞ்சு பக்கம் கூட இருக்கு. அஞ்சு பக்கத்தக் குறை, இல்லன்னா பதினோரு பக்கம் கூட்டி எட்டு பாரமாக்கு. தாள வீணாக்காத" என்றார். இலக்கியத்துக்கும் பதினாறாம் வாய்ப்பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தாளுக்கும் ஓட்டம் உண்டு என்பது தெரியுமா? மரத்துக்கு நார் ஓடுவது மாதிரி தாளிலும் ஒரு திசையில் நார் ஓடும். அந்த ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறிப் போனால் பக்கம் அலை அலையாக நெளியும், திறந்தால் மூடிக்கொள்ளும். நாம் வாங்கிய சில புத்தகம் அப்படி மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

கடைசியில் பைண்டிங். பாரங்களை மடித்து, வரிசையாகச் சேர்த்து, ஒரு பாரம் விடுபடாமல், இரண்டு தடவை வராமல் பார்த்து அடுக்க வேண்டும். அங்கே மூன்று அக்காக்கள் தரையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. அதாவது என் அம்மாவின் பீடிக் கணக்கு மாதிரியேதான்.

பழைய கதையும் இதுதான்

இதெல்லாம் இன்றைய தொல்லை என்று நினைக்க வேண்டாம். இந்திய மொழிகளில் இந்நாட்டிலேயே அச்சான முதல் புத்தகம் நம் தமிழ்ப் புத்தகம்தான். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம். நம் கணக்கில் ஒரே ஒரு பாரம்! அதைத் தமிழில் ஆக்கியவர் அன்றிக்கு அடிகளார். ஆனால் அதற்கான எழுத்துகளை வார்க்கும் வேலை கோவாவிலும் கொல்லத்திலும் நடந்தது. ஒரு பாரத்துக்கே இத்தனை பேர்.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் வைத்தபோது, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து அளவில் பெரிதாக இருந்தது. தாள் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பிறகு பொறையாரில் தாள் ஆலையே வைத்தார்கள். ஒரு புத்தகம் போட வார்ப்படத் தொழிலும் தாள் தொழிலும் வேண்டியிருந்தது! ஃபவுண்டரி லேபில் மணல் சலிக்கும் நாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமைப்படலாம்.

உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அந்த நூல் அச்சாகி வெளிவந்தது 1887-ல். ஏழு வருஷம்! ஏடு தேடியது, ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டது, அச்சுக்காகச் சென்னைக்கு அலைந்தது, செலவுக்கு முன்கூட்டியே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கியது எல்லாம் அதில் அடக்கம். அவ்வளவு பெரிய புலவர் பணத்துக்கு நாலு பேரைப் பார்க்கக் கூச்சப்படவில்லை.

ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. மகாகவி பாரதி 1920-ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டு, ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள் என்று நண்பர்களைக் கேட்டார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில், 38 வயதில் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு 1949-ல் அரசாங்கமே அவர் எழுத்தின் உரிமையை வாங்கியது. பாரதி எழுதியதில் என்ன குறை? எழுத்தைப் புத்தகமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோக ஒரு அமைப்பு இல்லாததுதான் குறை!

35,000 ரூபாய் கணக்கு

இனி அந்தக் கடை விரித்தவர்கள் விஷயம். பேர் வேண்டாம். ஒரு பதிப்பகம் என்னிடம் போனில் பேசியது. கதையைப் படித்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் பிரமாதம் தம்பி" என்றார்கள். எந்தக் கதை பிடித்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 35,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி, ஒன்றின் விலை 150 ரூபாய், மேடை போட்டு வெளியீட்டு விழா, "ஒரே மாசத்துல நீங்க எழுத்தாளர்" என்றார்கள்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? புத்தகக் கடைக்கு 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கொடுக்க வேண்டும். நடுவாக 35 என்று வைப்போம். 150 ரூபாய் புத்தகத்துக்கு நமக்கு வருவது 97 ரூபாய் 50 காசு. முந்நூறும் விற்றால் 29,250 ரூபாய். அதாவது ஒரு பிரதி பாக்கியில்லாமல் விற்றாலும் 5,750 ரூபாய் நஷ்டம்! நூறுதான் விற்றது என்றால் நஷ்டம் 25,250 ரூபாய். பார்சல் செலவு, சொந்தக்காரர்களுக்கு இனாம், நண்பர்கள் "எனக்கொண்ணு குடுடா" என்று வாங்கிப் போவது எல்லாம் தனி.

அவர்கள் அனுப்பிய தாளில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 2,500 ரூபாய் என்று ஒன்று. நண்பர்களே, இந்தியாவில் அந்த எண்ணை டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசு முகமை இலவசமாகவே தருகிறது. தவிர, அது அடையாள எண் மட்டுமே. புத்தகம் நல்ல புத்தகம் என்பதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கிடையாது. இன்னொரு வரி, நூலின் உரிமை முழுதும் பதிப்பகத்தையே சேரும் என்பது. பணம் நாம் கட்ட வேண்டும், உரிமை அவர்களுக்கா? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவன் உயிரோடு இருக்கும் வரையும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. அதை எங்கும் பதிவு செய்தால்தான் என்று இல்லை, எழுதிய உடனே அது நம்முடையது. கையெழுத்துப் போட்டு விட்டுக் கொடுத்தால்தான் போகும்.

இந்தக் கணக்கெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. "ஆசப்பட்டுட்ட, கம்மல வச்சித் தாரேன்ல" என்றார்கள். அம்மாவிடம் இருக்கும் தங்கம் அது ஒன்றுதான். "வேண்டாம்மா, என் கத இன்னும் வேகல" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி அச்சகத்தில் நான் பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மடியில் சுளகு, கையில் இலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இது: "ஏல, அவ்வளவு பேரு சேந்து செஞ்சதுக்கு மேல ஒருத்தம் பேருதான் போடுவாவளா? அப்ப நம்ம பீடிக்கட்டு லேபிள் மாரில்லா இருக்கு!" இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, பீடிக்கடையில் கழிவு போக மீதிக்குக் கூலி வாங்குகிற என் அம்மாவின் பெயர் எந்த லேபிளிலும் வந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு எந்த எழுத்தாளர் பதில் சொல்வார்?

மறுத்துப் பேசுகிறவர்களுக்கு

"காசு இருக்கிறவன் போடட்டுமே, உனக்கென்ன?" என்று கேட்கலாம். தாராளமாகப் போடட்டும். காசு இல்லாதவன் கம்மலை வைத்துப் போடக் கூடாது என்பதுதான் என் வாதம். "மின்புத்தகம் என்றால் செலவே இல்லையே?" என்று கேட்கலாம். தாள் செலவும் பைண்டிங் செலவும் இல்லைதான். ஆனால் எடிட்டிங்கும் புரூஃபும் அங்கேயும் வேண்டும். பிழையோடு வருவது தாளில் வந்தால் என்ன, செல்போனில் வந்தால் என்ன?

பதிப்பாளர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் நான் சொல்லவில்லை. சொந்தக் காசைப் போட்டுப் புத்தகம் அச்சிட்டு, எழுதியவருக்கு விலையில் 10 சதவீத அளவில் ராயல்டி கொடுத்து, விற்காத கட்டுகளைத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து நம் நெல்லைப் புத்தகத் திருவிழா வரை கடை போட்டுக் கால் கடுக்க நிற்பவர்களும் இருக்கிறார்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குத் தன் செலவில் பிரதி அனுப்புவதும் பதிப்பாளர் பொறுப்புதான். நல்ல பதிப்பாளர் நம்மிடம் முதலில் கேட்பது பணத்தை அல்ல, கையெழுத்துப் பிரதியை. படித்துவிட்டு "இது இன்னும் தேறல" என்று திருப்பிக் கொடுத்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நம் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகளைத் தாழ்மையுடன் வைக்கிறேன்.

ஒன்று: துறைக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை. செமஸ்டருக்கு ஒரு இதழ் போதும். இந்த இதழில் எழுதியவன் அடுத்த இதழில் புரூஃப் பார்க்க வேண்டும். புரூஃப் பார்த்தவள் அடுத்ததில் எடிட்டராக வேண்டும். சிவில், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் எல்லாரும் மடிக்கவும் தைக்கவும் கற்க வேண்டும். ஆகிற செலவு தாளும் ஊசி நூலும்தான்.

இரண்டு: இதோ உங்கள் கையில் இருக்கிற ஆண்டு மலர். இதுவும் ஒரு புத்தகம்தான். எண்ணெய்க் கடை, பாத்திரக் கடை, சைக்கிள் கடை என்று வெயிலில் ஏறி இறங்கி நம் தோழர்கள் விளம்பரம் வாங்கி வந்திருக்காவிட்டால் என் கட்டுரைக்கு இந்த நான்கு பக்கம் கிடைத்திருக்காது. அவர்கள் பெயர் எங்கே? தலைவர், செயலாளர் போட்டோவுக்கு அடுத்த பக்கத்தில், விளம்பரம் திரட்டியவர், டைப் செய்தவர், புரூஃப் பார்த்தவர், அச்சகத்தில் மடித்த அக்காக்கள் வரை எல்லார் பெயரையும் அடுத்த ஆண்டு முதல் போட வேண்டும். டிராயிங் ஷீட்டுக்கு உள்ள நியாயம் மலருக்கு இல்லையா?

மூன்று: ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதில் ஒன்றை ஒரு பைண்டிங் தொழிலாளிக்குப் போர்த்துவோம். பத்து நிமிஷம் அவர் பேசட்டும். எழுத்தாளர் ஆக விரும்பும் நமக்கு அந்தப் பத்து நிமிஷம் எந்தச் சொற்பொழிவையும் விட உபயோகமாக இருக்கும்.

என் பதினான்கு கதைகளில் ஐந்தைக் கிழித்துவிட்டேன். மீதி ஒன்பதைத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், என் சம்பளத்தில் அம்மாவுக்கு இன்னொரு ஜோடி கம்மல் வாங்கிய பிறகு அந்தப் புத்தகம் வந்தால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை.

நண்பர்களே! புத்தகம் போட ஆசைப்படுவோம். அதற்கு முன்னால் புத்தகம் செய்யக் கற்றுக்கொள்வோம். நம் பெயர் அட்டையில் ஏறும் நாளில், அதை ஏற்றிவிட்ட கைகளின் பெயரும் உள்ளே ஏறட்டும். முதல் கையெழுத்துப் பத்திரிகையை மடிக்கவும் தைக்கவும் நான் தயார். நீங்கள் தயாரா?